செல்லாக் காசு

ரியெக்கா மீன் சந்தை. ஜனவரி பத்து.
யூரோ வந்து பத்து நாள்;
குனாவுக்கு இன்னும் நாலு நாள் உயிர்.
கூரைக் கண்ணாடியை உலுக்குகிறது போரா.
மலையிறங்கிக் கடலுக்கு ஓடும் காற்றுக்கு
இங்கே வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் ஒரு பெயர்.

அரைக் கிலோ மத்தி கேட்டேன்.
நான் தங்கிய அறையில் அடுப்பு கிடையாது.
எனக்கு வேண்டியது மீனில்லை,
மீதிச் சில்லறை.

ஐம்பது குனாத் தாளை
நெவென்கா ஈரக்கையால் வாங்கி டப்பாவில் செருகினாள்.
யூரோவில் மிச்சம் தந்தாள்,
நேற்று அடித்ததுபோல், செதில் மினுக்கத்தோடு.

"சூரை மீன் போட்ட ரெண்டு குனா இருந்தால்…"
என்று இழுத்தேன்.
இல்லை என்று தலையசைத்தாள்.
பதினாலாம் தேதிவரை குனா உள்ளே வரலாம்,
வெளியே போகக் கூடாது.
சட்டம்.
"மீன்கூடு மாதிரி" என்று
விரல்களைக் கூம்பாகக் குவித்துக் காட்டினாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
மின்தராசுக்கு நாலு கால்.
ஒன்றில் ரப்பர் போய்விட்டது.
அதன் அடியில், உப்பேறி, விளிம்பு மட்டும் தெரிய,
ஒரு ரெண்டு குனா.

"அது பணமில்லை" என்றாள், என் கண்ணைப் பிடித்துவிட்டு.
"அது ஆப்பு.
அதே கனத்தில் ஒன்று வை, எடுத்துக்கொள்."

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன்.
என் பதினோரு வருஷப் பயணம் அதில்தான் கிலுகிலுக்கிறது.
கோபன்ஹேகனில் சலவை இயந்திரம் திருப்பித் துப்பிய
ஓட்டைக் காசை வைத்தோம்.
தராசின் மூலையில் ஒரு சின்ன வட்டம்,
வட்டத்துக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு குமிழி;
குமிழி வடக்கே ஓடியது.
துருக்கி லிராவுக்குத் தெற்கே.
பக்கத்துக் கடை லீவியோ
ஆக்டோபஸை அப்படியே போட்டுவிட்டு வந்து
"இன்னும் ஒரு மயிரிழை மெலிசு" என்றான்,
பெண்பார்க்க வந்த மாமனைப் போல.
போலந்து, மொராக்கோ, இன்னொரு போலந்து.
வாலில் பிடித்த கடல்விரியனோடு ஒருவர் வரிசையில் நின்று
கோபப்படாமல் வேடிக்கை பார்த்தார்.

அடியில் ஒன்று மிச்சமிருந்தது.
நான்தான் அதைத் தொடவில்லை.

ஐஸ்லாந்தின் ஒற்றைக் குரோனா.
ஒரு வாரம் அலைந்தும் யார் கையிலும் காசில்லாத தேசம் அது;
தண்ணீர்கூட அட்டை தேய்த்துத்தான்.
கடைசி நாள், நீச்சல்குளத்தில் துண்டு கொடுக்கும் ஸ்வாவா
வடிகட்டியில் சிக்கியதென்று
உள்ளங்கையில் வைத்தாள்:
குளோரின் தின்று மங்கிய காட் மீன்.
யாரோ காற்சட்டைப் பையில் மறந்த மீன்.
வேறெல்லாம் எண்ணிக்கைக்கு. அது மட்டும் பார்ப்பதற்கு.
விமானம் தாமதமானால், தூக்கம் வராவிட்டால்,
கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவுவேன்.

நெவென்கா கேட்கவில்லை. காத்திருந்தாள்.
போரா ஒருமுறை கதவை உதைத்தது.

வைத்தேன்.
குமிழி தயங்கி, ஒருமுறை நெளிந்து,
வட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.
"பார்!" என்றான் லீவியோ,
தானே வார்த்த காசுபோல்.

குனாவைத் தன் ஏப்ரனில் துடைத்துத் தந்தாள்.
ஒருபுறம் ஓடும் மரநாய்.
மறுபுறம் சூரை, கீழே லத்தீனில் பெயர்.
ஒற்றைப்படை வருஷம் என்றால் எங்கள் பாஷை,
இரட்டைப்படை என்றால் லத்தீன் என்றாள்.
"உனக்குப் பாதிரியார் மீன் கிடைத்திருக்கிறது."

கிளம்பியவனை நிறுத்தினாள்.
பொட்டலத்தை வாங்கி மறுபடி தராசில் வைத்தாள்.
இருபது கிராம் குறைந்தது.
முகம் ஒரு கணம் சிவந்தது,
பிறகு சந்தையே திரும்பும்படி சிரித்தாள்.
எத்தனை வருஷமாக, யார் யாருக்கு,
லீவியோ வாய்விட்டே கணக்குப் போடத் தொடங்க
ஈரத்துணியை அவன்மேல் வீசிவிட்டு
குவியலிலிருந்து ஒரு மத்தியை எடுத்து
என் பொட்டலத்தில் போட்டாள்.
கொஞ்சம் பெரிதாகவே பார்த்து.